35 வருடம் மைக்குக்கு முன்னால்

"35 வருடங்கள் வானொலியில் இருந்திருக்கிறீர்கள். திரும்பிப் பார்க்கும்போது அந்த வேலையில் எது பெரிதாகத் தெரிகிறது? எனக்கு நல்ல குரல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது இந்தத் துறைக்கு வரலாமா?" என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1986-ல் குரல் தேர்வில் தேறி வேலைக்குச் சேர்ந்தபோது, என் குரல்தான் என் முதலீடு என்று நானும் நம்பியிருந்தேன். கனமான குரல். பள்ளி நாடகங்களில் கைதட்டல் வாங்கிய குரல். நிலையத்தில் எனக்கு மூத்த அறிவிப்பாளராக ஓர் அம்மா இருந்தார். அவருக்கு மெல்லிய குரல், சில நேரம் கீச்சென்றுகூட ஒலிக்கும். ஆனால் வருகிற நேயர் கடிதங்களில் பாதி அவர் பெயருக்குத்தான் வரும். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு பழைய செய்தித் தாளை என் கையில் கொடுத்து, "படிங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கடிதங்களைப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஐந்து நிமிடம் கம்பீரமாகப் படித்து முடித்தேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "யாரோ ராஜினாமா செஞ்சிருக்காங்க. யாருன்னு தெரியல. எங்கேயோ மழை. எத்தனை பேரோ காயம். உங்க குரல் நல்லா இருந்துச்சு தம்பி. அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன், செய்தியைக் கேக்கல."

அடுத்த 35 வருடங்களில் நான் கற்றதெல்லாம் அந்த முதுகிலிருந்து கற்றதுதான். வானொலி கேட்பவர் அப்படித்தான் கேட்கிறார். கையில் வேறு வேலை இருக்கும், முகம் வேறு பக்கம் இருக்கும். பத்திரிகை படிப்பவர் விட்ட வரிக்குத் திரும்பிப் போகலாம். நம்மைக் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை காதில் விழுந்தால் விழுந்தது, இல்லையென்றால் போனது.

இது எவ்வளவு கடுமையான உண்மை என்பதை ஒரு மழைக்கால இரவில் தெரிந்துகொண்டேன். பக்கத்து அணை உடைந்துவிட்டது என்று ஒரு வதந்தி கிளம்பியிருந்தது. அதை மறுத்து ஓர் அறிவிப்பு வந்தது: "அணை உடைந்துவிட்டதாகவும், கரையோரப் பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாகவும் பரவிவரும் தகவலில் எவ்வித உண்மையும் இல்லை என்று அதிகாரிகள் தெரிவித்துள்ளனர்." எழுத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத வாக்கியம். நான் நிறுத்தி, தெளிவாக, வரிக்கு வரி அப்படியே வாசித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "அணை உடைஞ்சிடுச்சாமே, ரேடியோவிலயே சொல்லிட்டாங்களாமே?"

தமிழில் வினை கடைசியில் வரும். மறுப்பும் கடைசியில்தான் வரும். அந்த வாக்கியத்தைப் பாருங்கள். முதல் பத்துச் சொற்கள் அணை உடைந்த செய்தியைச் சொல்கின்றன. "இல்லை" என்ற ஒரே சொல் அதை மாற்றுகிறது. அந்த நேரத்தில் ஒரு குழந்தை அழுதால், குழாயில் தண்ணீர் கொட்டினால், சிக்னல் ஒரு நொடி மங்கினால், கேட்பவர் காதில் நிற்பது உடைந்த அணை மட்டும்தான். அந்த அம்மா வீட்டிலிருந்து விரைந்து வந்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பென்சிலை எடுத்து எழுதினார்: "அணை பத்திரமாக இருக்கிறது. திறந்துவிடும் தண்ணீரும் வழக்கமான அளவுதான். யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை." விடியும்வரை கால் மணிக்கு ஒருமுறை அதையே வாசித்தோம். வதந்தியை மறுக்கும்போது வதந்தியைத் திரும்பச் சொல்லாதே என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பயந்துபோன குரல்களைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம், இன்னொரு சிக்கலும் நம் மொழிக்கே உரியது. "விலை குறையும், தட்டுப்பாடு நீங்கும், யாரும் கவலைப்படத் தேவையில்லை என்று அமைச்சர் கூறினார்." இதில் அமைச்சர் வரும்வரை அந்த வாக்குறுதியை வானொலியே கொடுப்பதுபோல் இருக்கும். கேட்பவர் பாதியில் எழுந்து போய்விட்டால் அவருக்கு அது நிலையத்தின் செய்தி. அதனால் ஆளை முன்னால் கொண்டுவருவோம். "அமைச்சர் சொல்வது இது: விலை குறையும்..." இலக்கண ஆசிரியருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் யார் பொறுப்பில் அந்தப் பேச்சு நிற்கிறது என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. செய்தி நேர்மை என்று பெரிய சொல்லால் சொல்வதில் பாதி, இப்படி ஒரு பெயரை வாக்கியத்தின் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எண்களும் அப்படித்தான். தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. நாற்பதும் நானூறும் அப்படியே. அவசரமாக வாசித்தால் பத்து மடங்கு வித்தியாசம் காற்றில் போய்விடும். 4,87,312 என்று தாளில் இருந்தால், "கிட்டத்தட்ட ஐந்து லட்சம்" என்று சொல்லிவிடுவது மேல். கடைசி மூன்று இலக்கத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

எழுதியதை வாசிப்பதிலும் சின்னச் சின்ன ஏற்பாடுகள் உண்டு. தாள்களைக் குத்திச் சேர்க்கக் கூடாது. புரட்டினால் சரசரப்பு மைக்கில் விழும். தனித்தனியாக வைத்து, முடிந்த தாளைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஒரு வாக்கியம் இரண்டு தாளில் ஓடக் கூடாது. மூச்சு வாங்க ஒரு கோடு, நிறுத்த இரண்டு கோடு, அழுத்த வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு அடிக்கோடுதான். எல்லாவற்றையும் அழுத்தினால் எதுவும் நிற்காது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் பக்கவாட்டில். நேருக்கு நேர் வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் மைக்கின் மேல் காற்று மோதி 'டப்' என்று அடிக்கும். ஒரு பக்கமாக மட்டும் ஒலியை வாங்குகிற மைக்குகளில் இன்னொரு குணம் உண்டு. நெருங்க நெருங்க, குரலின் அடித்தளம் கூடிக்கொண்டே போகும். புதிதாக வருகிறவர்கள் அந்தக் கனத்துக்கு மயங்கி மைக்கைக் கடிக்கிற மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். நானும் மயங்கியவன்தான். கேட்பவருக்கு அது முகத்துக்கு மிக அருகில் ஒருவர் வந்து நிற்பதுபோல் இருக்கும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் வானொலியைப் பற்றிச் சொல்ல முடியாது. மற்ற வேலைகளில் ஐந்து நிமிடம் தாமதம் என்றால் மன்னிப்புக் கேட்கலாம். இங்கே ஐந்து நொடி மௌனம் வந்தாலே, கேட்பவர் ரேடியோவைத் தட்டிப் பார்க்கிறார். பத்து நொடியில் வேறு நிலையத்துக்குப் போய்விடுகிறார். மணியைத் துல்லியமாகச் சொல்ல பிபிசி 1924 பிப்ரவரி 5 அன்று தொடங்கிய ஆறு 'பீப்' ஒலிகளைக் கேட்டிருப்பீர்கள். இன்று ஐந்து குட்டையாகவும் ஆறாவது நீளமாகவும் வருகின்றன. அந்த ஆறாவது ஒலி தொடங்கும் கணம்தான் மணி. முடியும் கணம் அல்ல. அதற்கு முன்னால் உங்கள் கடைசிச் சொல் முடிந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் கணக்கு எப்போதும் பின்னாலிருந்து முன்னால் வரும். மணிக்கு 40 நொடி இருக்கிறது. முடிவு அறிவிப்புக்கு 12, முத்திரை இசைக்கு 15. அப்படியென்றால் விருந்தினருக்கு 13 நொடி. அவரோ தன் ஊர்க் கதையை இப்போதுதான் தொடங்கியிருப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டறையில் இருப்பவர் விரலைச் சுழற்றுவார், சீக்கிரம் முடி என்று. நான் விருந்தினரின் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே, அவர் மூச்சு வாங்கும் இடத்துக்காகக் காத்திருப்பேன். அந்த இடத்தில் நுழைந்தால் அவருக்கே தெரியாமல் பேச்சு முடிந்துவிடும். சொல்லின் நடுவில் நுழைந்தால் அவர் அவமானப்படுவார், கேட்பவரும் நமக்காகக் கூசுவார்.

நான் சேர்ந்தபோது ஸ்பூல் டேப் காலம், அதாவது சக்கரத்தில் சுற்றிய ஒலிநாடாவின் காலம். 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் காட்டிய மேக்னட்டோஃபோன் என்ற நாடாப் பதிவுக் கருவியின் வழிவந்த இயந்திரங்கள்தான் எங்கள் மேசையில் இருந்தன. நாடா வருவதற்கு முன் அமெரிக்காவில் பல நிகழ்ச்சிகளை இரண்டு முறை நேரலையாக நடத்துவார்கள், கிழக்குக் கரைக்கு ஒருமுறை, மேற்குக் கரைக்கு ஒருமுறை. 1947-ல் பாடகர் பிங் கிராஸ்பி தன் நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து ஒலிபரப்பத் தொடங்கிய பிறகுதான் அங்கே நிலைமை மாறியது. பதிவு வந்ததும் வெட்டும் வசதி வந்தது. வெட்டும் வசதி வந்ததும் பொறுப்பும் வந்தது.

நாடாவின் அகலம் கால் அங்குலம். நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும், அல்லது 19. இதன் அழகு என்னவென்றால், நேரத்தைக் கையால் தொடலாம். 38 வேகத்தில், ஒருவர் தயங்கிய அரை நொடி உங்கள் விரல்களுக்கிடையில் 19 சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கும். இரண்டு சக்கரங்களையும் கையால் முன்னும் பின்னும் அசைத்து, 'க' தொடங்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அலுமினியக் கட்டையின் சாய்வான பள்ளத்தில் பிளேடை வைத்து இழுக்க வேண்டும். சாய்வாக வெட்டினால்தான் ஓர் ஒலி அடுத்த ஒலிக்குள் மெதுவாக இறங்கும். நேராக வெட்டினால் 'டிக்' என்று கேட்கும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அதே 'டிக்' வரும். ஒட்டிய பிறகு ஓடவிட்டு, வெட்டு கேட்கவில்லை என்றால் ஒரு நிம்மதி.

அந்த வேலையில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டேன். மூச்சுகளையெல்லாம் வெட்டிவிட்டால் பேசுகிறவர் மனிதராக ஒலிப்பதில்லை. ஒரு பதிலுக்கு முன் வரும் தயக்கமும் அந்தப் பதிலில் ஒரு பகுதிதான். அதை வெட்டினால், யோசித்துச் சொன்னதைப் பட்டென்று சொன்னதாக மாற்றிவிடுகிறோம். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஆளையே மாற்றிவிட முடியும். கணினி வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. திரையில் அலைவடிவத்தைப் பார்த்து, தட்டையான இடங்களையெல்லாம் நீக்குகிறார்கள். தட்டையான இடத்தில்தான் பல சமயம் உண்மை இருக்கிறது. நீக்கும் முன் கண்ணை மூடி ஒருமுறை கேளுங்கள் என்றுதான் நான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரவுப் பணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு மிகவும் பிடித்த பணி அது. சூரியன் மறைந்ததும் வளிமண்டலத்தின் உயரத்தில் 'டி' அடுக்கு என்கிற மின்னேற்றப் படலம் கலைந்துவிடும். பகலில் மத்திய அலையை அதுதான் விழுங்கிக்கொண்டிருக்கும். அது கலைந்ததும் அலைகள் இன்னும் மேலே போய், அங்கே பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும். பகலில் பக்கத்து மாவட்டத்தைத் தாண்டாத எங்கள் குரல், இரவில் எங்கெங்கோ போகும். சிற்றலையில் கேட்பது இன்னும் பெரிய உலகம். அந்த நேயர்கள் ஐந்து எண்கள் கொண்ட ஒரு குறிப்பு அனுப்புவார்கள்: சிக்னலின் பலம், மற்ற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை மங்கும் விதம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எல்லாம் நன்றாக இருந்தால் 55555. சரியாக எழுதியவர்களுக்கு நிலையங்கள் உறுதிச் சான்று அட்டை அனுப்பும். அந்தக் கடிதங்களில் பாராட்டு குறைவாக இருக்கும், கவனிப்பு நிறைய இருக்கும். இரவு இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு நீங்கள் இன்ன வார்த்தை சொன்னீர்கள் என்று ஒருவர் எழுதியிருப்பார். முகம் தெரியாத ஒருவர் நம்மை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகு, எந்த இரவிலும் அலட்சியமாக மைக்குக்கு முன் உட்கார முடியாது.

கருவிகள் மாறிய கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஸ்பூல் போனது, கேசட் போனது, குறுவட்டு போனது, எல்லாம் கணினிக்குள் போனது. 2017-ல் நார்வே தேசிய அளவிலான பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி, டிஜிட்டலுக்கு மாறியது. இனி அப்படி நிறைய நடக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரே ஒரு கவலை மட்டும் உண்டு. புயலில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழக்கும் நாளில், இரண்டு பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ரேடியோவும், தூரத்தில் நிற்கிற ஒரே ஒரு பரப்பியும் (டிரான்ஸ்மிட்டர்) ஒரு பெரிய நிலப்பரப்புக்குப் போதுமாக இருந்தன. அந்த எளிமைக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் பழைய பரப்பிகளை அணைக்கக் கூடாது என்று எந்தக் கூட்டத்திலும் சொல்லுவேன்.

சரி, என் மனதை இன்றும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓய்வு பெற்ற ஒரு கலங்கரை விளக்கக் காவலரைப் பேட்டி எடுத்தேன். 40 நிமிடம் பேசினார். விளக்கைத் துடைப்பது பற்றி, மூடுபனியில் கப்பல் சங்கின் திசையைக் காதால் கண்டுபிடிப்பது பற்றி, தனியாக இருப்பவன் தன்னோடு சத்தமாகப் பேசுவது பற்றி. நான் அதை 12 நிமிடமாகச் சுருக்கினேன். நிகழ்ச்சி நன்றாக வந்தது. அந்த நாளில் நாடா விலை அதிகம், கையிருப்பு குறைவு. ஒலிபரப்பு முடிந்த நாடாக்களைக் காந்த அழிப்பியின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பயன்படுத்துவோம். மீதி 28 நிமிடத்தை அடுத்த நாளே நான்தான் அழித்தேன். மறு ஒலிபரப்பு முடிந்ததும் அந்த 12 நிமிடமும் போனது. எந்த விதியையும் நான் மீறவில்லை. எல்லோரும் செய்ததைத்தான் செய்தேன்.

ஏழெட்டு வருடம் கழித்து அவருடைய மகள் கடிதம் எழுதினார். அப்பா காலமாகிவிட்டார், வீட்டில் அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை, உங்களிடம் இருக்குமே, ஒரு பிரதி கிடைக்குமா என்று. என்னிடம் இருந்தது தட்டச்சு செய்த மூன்று தாள்கள். அதில் என் கேள்விகள் முழுதாக இருந்தன. அவர் பதில்களின் இடத்தில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும், நடுவில் புள்ளிகளும், எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்ற குறிப்பும்தான் இருந்தன. நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். அந்தத் தாள்களை அனுப்பிவைத்தேன். "அப்பா 'ம்... அது வந்து' என்றுதான் பேச ஆரம்பிப்பார், அது இதில் இருக்கிறது" என்று பதில் எழுதினார்.

அதனால், வரலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக வாருங்கள். நிலையத்தில்தான் சேர வேண்டும் என்றில்லை, பாட்காஸ்ட் செய்தாலும் இதே வேலைதான். மைக் வாங்கும் முன் உங்களுக்கு முதுகைக் காட்டி உட்காரக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவருக்கு எது நின்றது என்று கேளுங்கள், குரல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஒருவரைப் பேட்டி எடுத்தால் வெட்டாத முழுப் பதிவையும் சுருக்காத கோப்பாக, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆள், நாள், இடம் மூன்றும் இருக்கட்டும். இன்று சேமிப்புக்குச் செலவே கிடையாது என்று சொல்லலாம். எங்களுக்குக் கிடைக்காத வசதி அது.

நான் இப்போது வீட்டில் அந்த வேலையைத்தான் செய்கிறேன். அழியாமல் தப்பிய நாடாக்கள் 60-க்கு மேல் என்னிடம் இருக்கின்றன, பலர் கொடுத்தவை. எழுபதுகள், எண்பதுகளில் வந்த சில வகை நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. அப்படியே ஓடவிட்டால் ஒலிப்படலம் உரிந்துவிடும். சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் காயவைத்தால், கொஞ்ச காலத்துக்கு ஓடக்கூடிய நிலைக்கு வரும். அதற்குள் பதிந்துவிட வேண்டும். சில பெட்டிகளின் மேல் 'வால் வெளியே' என்று எழுதியிருக்கும். நாடாவின் முடிவுப் பக்கம் வெளியில் இருக்கும்படி சுற்றியிருக்கிறது என்று பொருள். சுற்றுக்குச் சுற்று ஒலி ஒட்டும்போது, அதன் நிழல் பேச்சுக்கு முன்னால் கேட்காமல் பின்னால் கேட்க வேண்டும் என்பதற்காக அப்படிச் சுற்றுவார்கள். நேற்று எடுத்த பெட்டியில் அந்த இரண்டு சொற்களும் அந்த அம்மாவின் கையெழுத்தில் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. இப்போது அது காய்ந்துகொண்டிருக்கிறது.